முதல் நடை, ஆறு டிக்கெட்

பிளாக் 17, மூன்றாவது மாடி
பிப்ரவரி 3, செவ்வாய்

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சௌக்கியம் என்று எழுதப் போனால் உன் அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கிறார். அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். உன் சௌக்கியத்தை மட்டும் எழுது.

போன் இருக்கும்போது அக்காவுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். இந்தக் கட்டடத்தில் போன் பேச மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நிற்க வேண்டும். அப்படி ஏறி நின்றாலும் நீ "ம்... ம்..." என்று கொட்டிவிட்டு, "சூப்பிரண்டெண்ட் வர்றாரு, வெச்சிடறேன்" என்கிறாய். கடிதத்தில் உன்னால் 'ம்' கொட்ட முடியாது பார்.

இது தபாலில் வரவில்லை, கவனித்தாயா? எங்கள் 61-ஆம் நம்பர் பஸ்ஸின் கண்டக்டர், சில்லறை அண்ணன் என்று கூப்பிடுவோம், அவர் சொன்னார்: "உங்க தம்பி டைம் டேபிள் செக்‌ஷனா? அட, எங்க வேபில் எல்லாம் அவரு மேஜைக்குத்தாம்மா போகுது. லெட்டரைக் குடுங்க, அதோட கிளிப்ல மாட்டி விட்டுடறேன்." வேபில் என்றால் ஒவ்வொரு நடைக்கும் எத்தனை டிக்கெட் போனது என்று அவர் எழுதும் தாளாம். உனக்குத் தெரியாததா! உன் பதிலையும் டெப்போவில் அவர் பெயருக்குக் கொடுத்துவிடு. கொண்டுவந்து தருவார்.

கடைத்தெருவுக்குப் பின்னால் நம் வீடுகளை இடித்து, மெட்ரோ ஸ்டேஷனுக்குப் புது வாசல் வருகிறது என்று எங்களை லாரியில் ஏற்றி இங்கே இறக்கி ஐந்து மாதம் ஆகிறது. நகரத்துக்கு முப்பத்து நான்கு கிலோமீட்டர். வீட்டில் குழாய் இருக்கிறது, தண்ணீர்தான் இல்லை. வாரத்துக்கு இரண்டு தடவை லாரி வருகிறது. உன் அத்தானுக்கு ஒரு நாளைக்கு நாலு டம்ளருக்கு மேல் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் அல்லவா, "இந்த பிளாக்லயே தண்ணி லாரிக்காரனுக்குப் பிடிச்ச ஆள் நான்தான்" என்கிறார். கடைத்தெரு முழுக்க ஷட்டர் பழுதுபார்த்த மனுஷன், இப்போது நர்ஸ்களிடம், "வாரத்துக்கு மூணு நாள் என்னைக் கழட்டி மாட்டுறீங்க, கிரீஸ் மட்டும் போட மாட்டேங்கிறீங்களே" என்று வம்பு வளர்க்கிறார்.

திங்கள், புதன், வெள்ளி. காலை ஏழு மணிக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் அவருக்கு டயாலிசிஸ் மெஷின். ஏழு என்றால் ஏழு. பத்து நிமிஷம் தாமதமானால் அடுத்த ஆளை ஏற்றிவிடுவார்கள். அதற்குப் போய்ச் சேர எங்களுக்கு இருப்பது ஒரே பஸ், நாலு ஐம்பதுக்குக் கிளம்பும் முதல் நடை. அடுத்தது எட்டு இருபதுக்குத்தான். நான் இப்போது சாமி கும்பிடுவதை விட்டுவிட்டு அந்த நாலு ஐம்பதைத்தான் கும்பிடுகிறேன்.

ஒரு ரகசியம். எங்களை இங்கே கொண்டுவந்தபோது ஒரு வருஷத்துக்கு இலவச பஸ் பாஸ் என்று தாளில் அச்சடித்துக் கொடுத்தார்கள். தாள் இருக்கிறது, பாஸ் வரவில்லை. சில்லறை அண்ணன் அந்தத் தாளை ஒரு தடவை வாங்கிப் படித்துவிட்டு, "பாஸ் வர்ற வரைக்கும் என் மூஞ்சிதாம்மா பாஸ்" என்றார். அன்றிலிருந்து முதல் நடையில் எங்கள் பிளாக்காரர்கள் யாரிடமும் அவர் கை நீட்டுவதில்லை. ஆனால் பழக்கம் விடுமா, வண்டி கிளம்பியதும் "சில்லறை வெச்சுக்கோங்க, சில்லறை வெச்சுக்கோங்க" என்று கத்துவார். பஸ்ஸே சிரிக்கும்.

இதை உன் ஆபீஸில் உளறி வைக்காதே.

அன்புடன்,
அக்கா


நேர அட்டவணைப் பிரிவு
பிப்ரவரி 6, வெள்ளி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வேபிலோடு கிளிப்பில் குத்தப்பட்டு என் மேஜைக்கு வந்தது. எண்ணெய்க் கறையைப் பார்த்ததுமே உன்னுடையது என்று தெரிந்துவிட்டது. சூப்பிரண்டெண்ட் பார்ப்பதற்குள் இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். சாப்பாட்டு நேரத்தில் இரண்டு தடவை படித்தேன்.

நான் நன்றாக இருக்கிறேன். அதே மேன்ஷன் அறை, நாலு கட்டில், நாலு பேர். ஒருவர் குறட்டை விட்டால் மற்ற மூன்று பேரும் மாற்றி மாற்றி உதைக்கிறோம். ஜூன் மாதம் என் தகுதிகாண் காலம் முடிகிறது. வேலை நிரந்தரமானால் ஆபீஸ் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். முதல் காரியமாக உங்கள் இருவரையும் அங்கே கூட்டி வந்துவிடுவேன். ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம். பதினைந்து வயதில் அப்பா அம்மா இல்லாமல் வந்தவனைத் தன் கடைக்குள் படுக்க வைத்து, டைப்பிங் கிளாஸுக்கு அனுப்பியவர் அத்தான். ஷட்டர் ஸ்பிரிங்குகளுக்கு நடுவில் பாய் விரித்துப் படித்ததை நான் மறக்கவில்லை.

நம் அடுப்படி இருந்த இடத்தில் இப்போது எஸ்கலேட்டர் ஓடுகிறது. உங்களைத் தாண்டி இன்னும் பத்து கிலோமீட்டரில் கண்ணாடிக் கட்டடங்களாக ஆபீஸ்கள் முளைத்திருக்கின்றன அல்லவா, அங்கிருந்து ஸ்டேஷனுக்கு எட்டு ஏ.சி. பஸ் விட்டிருக்கிறோம். அதற்கான அட்டவணை முழுக்க நான் போட்டது. இடையில் எங்கும் நிற்காது. நாற்பத்தைந்தே நிமிஷம். மேலதிகாரி என் தோளில் தட்டினார்.

ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் முதல் நடை வேபிலில் தினமும் ஆறு டிக்கெட், ஏழு டிக்கெட் என்றே வருகிறது. காலி வண்டி ஓடுகிறது போல என்று நான் நினைத்திருந்தேன். இப்போதுதான் காரணம் தெரிந்தது. கண்டக்டரிடம் பக்குவமாகச் சொல்லி வை. தாளில் ஆறு என்றால் ஆபீஸுக்கு அது ஆறுதான்.

அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தம்பி


பிப்ரவரி 15, ஞாயிறு

அன்புள்ள தம்பிக்கு,

பக்குவமாகச் சொன்னேன். "உங்க தம்பிகிட்ட சொல்லுங்கம்மா, அரசாங்கம் குடுத்த வாக்கை நான் காப்பாத்தறேன். அதுக்கு மெமோ குடுத்தா சட்டம் போட்டு மாட்டிக்கறேன்" என்கிறார். அவரோடு வாதாட என்னால் முடியாது. எனக்கு மனசும் இல்லை.

எஸ்கலேட்டர் சமாசாரம் எனக்கு முன்பே தெரியும். எங்கள் எதிர்வீட்டுக்காரி அந்த ஸ்டேஷனில் பெருக்குகிற வேலை பார்க்கிறாள். எல்லோரையும் அதட்டி வேலை வாங்குவதால் மேஸ்திரி என்று பெயர். "உன் அடுப்பு மேலதான் தினமும் ஏறி இறங்கறேன், இன்னும் சூடு தணியல" என்றாள். நான் சிரித்தேன். பிறகு கொஞ்ச நேரம் சிரிப்பு வரவில்லை.

ஐந்து மாதத்தில் நீ ஒரே ஒரு தடவைதான் வந்திருக்கிறாய். அதையும் எண்ணி வைத்திருக்கிறேன். உன் அத்தானுக்குப் படி இறங்கவே இருபது நிமிஷம் ஆகிறது. நாலு மணிக்கே ஆரம்பித்துவிடுகிறோம். ஒரு மாடிக்கு ஒரு தடவை உட்கார்ந்து, "இது சீனியர் ஆளுங்க ஸ்டாப்" என்கிறார். ஜூனுக்கு இன்னும் நான்கு மாதம் என்று அவரிடம் சொன்னேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 26, வியாழன்

அக்கா,

இந்தக் கடிதத்தை ஒட்டி அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடு. கண்டக்டருக்குக்கூட இதில் உள்ளது தெரிய வேண்டாம்.

ஸ்டேஷனுக்கு இன்னும் பத்து ஏ.சி. பஸ் வேண்டுமாம். அதற்கு டிரைவர், கண்டக்டர் இல்லை. அதனால் கூட்டம் குறைந்த நடைகளை வெட்டப் பட்டியல் எடுக்கிறார்கள். சராசரி இருபது டிக்கெட்டுக்குக் கீழே போனால் வெட்டு. பட்டியலை டைப் அடித்தவன் நான். மூன்றாவது வரியில் உங்கள் நாலு ஐம்பது இருக்கிறது. என் விரல் அங்கே நின்றுவிட்டது. ஆனாலும் அடித்தேன்.

மார்ச் 2 முதல் 15 வரை கடைசிக் கணக்கெடுப்பு. அந்த இரண்டு வாரமும் முதல் நடையில் ஏறுகிற அத்தனை பேரும் டிக்கெட் வாங்க வேண்டும். அவர் வேண்டாம் என்றாலும் கையில் திணித்து வாங்க வேண்டும். எண்ணிக்கை ஏறிவிட்டால் வண்டி தப்பித்துவிடும். அதன் பிறகு எப்படியோ போகட்டும்.

நான் சொன்னதாக யாருக்கும் தெரியக்கூடாது. கணக்கெடுப்பில் ஊழியர் தலையிட்டால் நேராக வீட்டுக்குத்தான் அனுப்புவார்கள், அதுவும் தகுதிகாண் காலத்தில் என்றால் விசாரணைகூடக் கிடையாது.

தம்பி


மார்ச் 11, புதன்
ஆஸ்பத்திரி வராந்தா

அன்புள்ள தம்பிக்கு,

உன் அத்தானை மெஷினில் மாட்டிவிட்டு வெளியே உட்கார்ந்து எழுதுகிறேன். நல்ல சேதியைத் தள்ளிப்போட என்னால் ஆகாது.

ஜெயித்துவிட்டோமடா!

நான்கு மாடியும் நானும் மேஸ்திரியும் ஏறி இறங்கினோம். "ஓசியில போன பஸ்ஸுக்கு இப்ப எதுக்குக் காசு?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். மேஸ்திரிதான், "ரெண்டு வாரம் வாங்கினா பஸ்ஸு இருக்கும், வாங்கலைன்னா மெயின் ரோடு வரைக்கும் அஞ்சு கிலோமீட்டர் உங்க கால்தான் பஸ்ஸு. எது வேணும்?" என்று ஒரு போடு போட்டாள். எல்லோரும் அடங்கிவிட்டார்கள்.

முதல் நாள் சில்லறை அண்ணனின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். வண்டி கிளம்பியதும் வழக்கம்போல "சில்லறை வெச்சுக்கோங்க" என்றார். எழுபது கை நீண்டது.

"என்னாச்சு உங்களுக்கெல்லாம்? பாஸ் வந்துடுச்சா?"

"வரலண்ணே. டிக்கெட் குடுங்க."

"யாராவது மிரட்டினாங்களா?"

"மிரட்டறது நாங்கதான். குடுக்கறீங்களா இல்லையா?" என்றாள் மேஸ்திரி.

மூன்றாவது நாள் அவருடைய டிக்கெட் மெஷினில் பேப்பர் சுருளே தீர்ந்துவிட்டது. உன் அத்தான் தன் டிக்கெட்டைச் சட்டைப் பையில் வெளியே தெரிகிற மாதிரி குத்திக்கொண்டு வந்தார். "நானும் காசு குடுத்து வர்ற ஆளுதான்" என்று நர்ஸிடம் காட்டினார். இன்று எழுபத்தொன்று. வேபிலில் நீயே பார்த்திருப்பாய். ஆறு எழுபத்தொன்றான அழகைப் பார்த்தாயா? உன் மேலதிகாரி இனி யார் தோளில் தட்டுவார் என்று பார்ப்போம்.

என் வயிற்றில் பால் வார்த்தாய். நன்றாக இரு.

அன்புடன்,
அக்கா

பி.கு. உன் கடிதத்தைக் கிழிக்க மனசு வரவில்லை. எங்களுக்காக நீ செய்த காரியம் அது. அரிசி டின்னுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.


மார்ச் 18, புதன்

அன்புள்ள அக்காவுக்கு,

இது தபாலில்தான் வரும். எத்தனை நாள் ஆகுமோ தெரியவில்லை.

நேற்று உங்கள் வண்டியில் செக்கிங் ஆட்கள் ஏறியதும் சில்லறை அண்ணனை இறக்கிக் கூட்டிப் போனதும் உனக்குத் தெரிந்திருக்கும். காரணத்தைச் சொல்கிறேன். மனதைத் திடப்படுத்திக்கொள். ஆறு டிக்கெட் ஓடிய நடை ஒரே நாளில் எழுபதானது ஏன் என்று மேலே கேட்டார்கள். இத்தனை நாள் எழுபது பேரிடமும் காசு வாங்கி, டிக்கெட் கொடுக்காமல் பையில் போட்டிருக்கிறார், கணக்கெடுப்பு என்றதும் பயந்து ஒழுங்காகக் கொடுத்திருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். சஸ்பெண்ட். திருட்டு நிரூபணமானால் வேலை போய்விடும்.

விசாரணை முடியும்வரை முதல் நடை நிறுத்தம். போட ஆள் இல்லை என்கிறார்கள்.

அக்கா, டிக்கெட் கூடினால் போதும் என்று நினைத்தேனே தவிர, கூடினால் என்ன கேள்வி வரும் என்று யோசிக்கவில்லை. தினமும் வேபில் பார்க்கிறவன் நான், எனக்கே தோன்றவில்லை. பத்து நாள் பொறுத்துக்கொள். எப்படியாவது சரிசெய்கிறேன்.

தம்பி


மார்ச் 29, ஞாயிறு

தம்பி,

உன் கடிதம் வர ஆறு நாள் ஆயிற்று. பத்து நாள் பொறுக்கச் சொன்னாய். பன்னிரண்டு நாள் பொறுத்தாயிற்று.

எப்படிப் போய் வருகிறோம் என்று கேட்டாயா? நீ கேட்கவில்லை, நான் சொல்கிறேன். மேஸ்திரி காய்கறிக்காரரிடம் தள்ளுவண்டி கேட்டு வாங்கிக் கொடுத்தாள். அதில் ஒரு போர்வையைப் போட்டு உன் அத்தானை உட்கார வைத்து, மெயின் ரோடு வரை அவளும் நானும் தள்ளுகிறோம். அங்கே ஷேர் ஆட்டோ ஆறு மணிக்கு மேல்தான் வரும். வந்தாலும், அவர் கால் வீக்கத்தைப் பார்த்துவிட்டு, "வண்டியிலயே ஏதாவது ஆயிட்டா?" என்று ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். நாங்கள் நிற்கும்போது உன் ஏ.சி. பஸ் மூன்று கடந்து போகின்றன. ஜன்னலில் ஆட்கள் தூங்கிக்கொண்டு வருகிறார்கள். நான் கை காட்டுகிறேன். நிற்காது என்று நீ எழுதியது நினைவிருக்கிறது, ஆனாலும் கை தானாகப் போகிறது.

திங்கள்கிழமை ஒன்பதேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். அவருடைய மெஷினில் வேறு ஆள். பதினொன்றரைக்கு ஒரு மெஷின் காலியாகி இரண்டு மணி நேரம் மட்டும் போட்டார்கள். நாலு மணி நேரம் போட வேண்டியது. புதன்கிழமை அதுவும் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை நர்ஸ், "இப்படியே வந்தீங்கன்னா உங்க டைமை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்கம்மா, நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள். அவள் கண்ணிலும் தண்ணீர். படுத்தால் அவருக்கு மூச்சு வாங்குகிறது. உட்கார்ந்தே தூங்குகிறார். ஜோக் அடிப்பதை நிறுத்திவிட்டார் தம்பி. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

ஆம்புலன்ஸுக்கு நாலு தடவை தொட்டி மேல் ஏறிப் பேசினேன். உயிர் போகிற கேஸுக்குத்தான் வருவார்களாம். "இன்னும் போகலியே" என்று அந்தப் பெண் சொல்லவில்லை, நானாகப் புரிந்துகொண்டேன்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேள். பிப்ரவரியில் உனக்கு எழுதிய முதல் கடிதத்தில் எல்லாம் இருக்கிறது. பாஸ் தருவதாகச் சொன்னது, வராதது, அவர் ஒரு பைசா வாங்காதது, எல்லாம். கணக்கெடுப்பு பற்றி யாருக்கும் தெரிவதற்கு முன்பே எழுதியது. என் கையெழுத்து இருக்கிறது, தேதி இருக்கிறது. அது உன் இழுப்பறையில் பூட்டி இருக்கிறது. எடுத்துக்கொண்டு போய் விசாரணை அதிகாரி மேஜையில் வை. கண்டக்டரும் தப்பிப்பார், பஸ்ஸும் வரும், உன் அத்தானும் பிழைப்பார். ஒரே ஒரு தாள்.

பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 3, வெள்ளி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

நீ சொல்வது சரி. ஆனால் அந்தத் தாளைக் காட்டினால் அடுத்த கேள்வி என்ன தெரியுமா? "பிப்ரவரியிலேயே உனக்குத் தெரிந்திருக்கிறது, ஏன் சொல்லவில்லை?" அதற்கடுத்து, "அவர்கள் திடீரென்று டிக்கெட் வாங்கியது யார் சொல்லி?" என் அக்கா என்று தெரிந்த நிமிஷமே எல்லாம் வெளியே வந்துவிடும். என் வேலை போனால் குவார்ட்டர்ஸ் போகும். ஜூனில் உங்களைக் கூட்டி வருவேன் என்று சொன்னது போகும். அது எனக்காக மட்டும் இல்லை அக்கா, அத்தானுக்காகவும்தான் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன். இன்னும் எட்டு வாரம்தான்.

மேன்ஷனில் நோயாளியைத் தங்கவிட மாட்டேன் என்கிறார் மேனேஜர். காலில் விழாத குறையாகக் கேட்டுப் பார்த்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே சில நாள் படுத்துக்கொள்ள முடியுமா என்று விசாரி. இந்த ஞாயிறு வரப் பார்க்கிறேன். ஆபீஸில் ஏ.சி. பஸ் வேலை தலைக்கு மேல் இருக்கிறது.

தயவுசெய்து நீயாக விசாரணைக்கு வந்துவிடாதே. உன்னை இங்கே பார்த்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். என் மேல் ஆணை. வேறு வழி பார்க்கிறேன்.

உன் தம்பி


ஏப்ரல் 12, ஞாயிறு

தம்பி,

நீ ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. இந்த ஞாயிறும் வரவில்லை. வராந்தாவில் மூன்று நாள் படுத்தோம், வாட்ச்மேன் எழுப்பி வெளியே அனுப்பிவிட்டார்.

நீ வரச் சொன்னால் நான் விசாரணைக்கு இன்றே வருவேன். வராதே என்று ஆணை வைத்திருக்கிறாய். அதை எடுத்துவிடு. ஒரு வரி போதும்.

அக்கா


ஜூன் 4, வியாழன்

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நாலு தாளைக் கிழித்துவிட்டேன்.

அத்தான் காரியத்துக்கு வந்தபோது நீ என்னைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் தெரியவில்லை போலும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். மேஸ்திரி என்று நீ எழுதுவாயே, அவர்தான் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். "குடிங்க, இங்க தண்ணிக்குக் கஷ்டம், கொட்டிடாதீங்க" என்றார்.

ஏப்ரலில் நீ கேட்ட அந்த ஒரு வரியை எழுதினேன் அக்கா. எழுதி மேஜையில் வைத்திருந்தேன். நாளைக்கு அனுப்பலாம், நாளைக்கு அனுப்பலாம் என்று ஐந்து நாள். பிறகு போன் வந்தது.

மே 26 அன்று நீ விசாரணைக்கு வந்ததாகக் கேள்விப்பட்டேன். என் பெயர் எங்கும் வரவில்லை என்றும் தெரிந்துகொண்டேன். உனக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்? ஜூன் ஒன்றாம் தேதி என்னை நிரந்தரம் செய்துவிட்டார்கள். குவார்ட்டர்ஸும் கிடைத்துவிட்டது. இரண்டு அறை. தரைத்தளம்தான், கேட்டு வாங்கினேன், படியே கிடையாது. அத்தானை நினைத்துத்தான் கேட்டேன். அவர் இல்லை என்பது கேட்கும்போது மறந்துபோய்விட்டது.

குழாயில் எந்நேரமும் தண்ணீர் வருகிறது. நீ அங்கே தனியாக இருக்க வேண்டாம். இத்துடன் ஒரு சாவி வைத்திருக்கிறேன். என்றைக்கு வேண்டுமானாலும் வா. ஒன்றும் பேச வேண்டாம், திட்ட வேண்டுமானால் திட்டு. வந்துவிடு.

உன் தம்பி


ஜூன் 15, திங்கள்

தம்பிக்கு,

இந்தக் கடிதம் பழைய வழியில், வேபிலோடு கிளிப்பில் வரும். இன்று முதல் நாலு ஐம்பது மறுபடியும் ஓடுகிறது. சில்லறை அண்ணனே வந்தார். பாஸ் வராத குற்றம் ஆபீஸுடையது என்பதால் அவருக்கு ஒரு மெமோ மட்டும் கொடுத்து விட்டுவிட்டார்கள். சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாராம். மூன்று மாதத்தில் பத்து வயது கூடினவர் மாதிரி இருக்கிறார்.

உன் அத்தான் எப்படிப் போனார் என்று நீ கேட்கவில்லை. ஏப்ரல் 20, திங்கட்கிழமை. மெயின் ரோட்டில் தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்தார். "பஸ் வருதா பாரு" என்றார். நான் ரோட்டுக்கு நடுவே போய் நின்று பார்த்தேன். ஏ.சி. பஸ்தான் வந்தது. இந்த முறை நடுவிலேயே நின்று இரண்டு கையையும் தூக்கினேன். ஹாரன் அடித்துவிட்டு ஒதுங்கிப் போய்விட்டது. "இது நம்ம பஸ் இல்லைங்க" என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன். அதைக் கேட்க அவர் இல்லை.

விசாரணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம். அவர் போன பிறகு உன் ஆணையை எதற்காகக் காப்பாற்றுவது? நானும் மேஸ்திரியும் அந்தப் பாஸ் தாளை எடுத்துக்கொண்டு போனோம். அதிகாரி ஒன்றும் பூதம் இல்லை. கண்ணாடி போட்ட சாதாரண மனுஷன், உட்காரச் சொன்னார்.

"எவ்வளவு நாளா டிக்கெட் வாங்கல?"

"குடிவந்த நாள்லேருந்து."

"காசு குடுத்தீங்களா?"

"ஒரு பைசா குடுக்கல, அவரும் கேக்கல. இதோ நீங்க குடுத்த தாள்."

"அப்புறம் எதுக்குத் திடீர்னு வாங்கினீங்க?"

"கூட்டம் இல்லாத பஸ்ஸை நிறுத்தறதாப் பேசிக்கிட்டாங்க. பயந்துபோய் வாங்கினோம்."

"யாரு பேசிக்கிட்டாங்க?"

உன் பெயர் என் நாக்கு நுனியில் நின்றது. விழுங்கினேன். "பஸ்ஸுல போற ஜனங்கதான் சார், வேற யாரு" என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. எழுதினார், படித்துக் காட்டினார், கையெழுத்துப் போட்டேன். உறவுக்காரர் யாராவது இங்கே வேலை பார்க்கிறார்களா என்றுகூடக் கேட்கவில்லை.

உள்ளே போகும்போது சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று இருபது. வெளியே வரும்போது பதினொன்றரை. பத்து நிமிஷம்தான் ஆயிற்று தம்பி. ஏப்ரலில் நான் வந்திருந்தாலும் பத்து நிமிஷம்தான் ஆகியிருக்கும்.

உன்னை மட்டும் சொல்லவில்லை. வராதே என்றாய், வராமல் இருந்தேன். நீ படித்தவன், ஆபீஸ் விவரம் தெரிந்தவன் என்று நம்பினேன். அது என் தப்பு. அதோடு நான் வாழ்ந்துகொள்கிறேன்.

இன்று நாலு ஐம்பதில் போனேன். ஆஸ்பத்திரிக்குப் போக எனக்கு இனி வேலை இல்லை. சும்மா போனேன். உன் அத்தான் உட்காரும் ஜன்னல் இடத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண் உட்கார்ந்திருந்தாள், ஏழாம் மாதம், செக்கப்புக்குப் போகிறாளாம். சில்லறை அண்ணன் என்னிடம் வந்து, "ஆஸ்பத்திரிக்காம்மா?" என்று வழக்கம்போல் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "இல்லண்ணே, கடைசி ஸ்டாப். டிக்கெட் குடுங்க" என்றேன். பாஸ் போன வாரம் வந்துவிட்டது. ஆனாலும் வாங்கினேன்.

உறைக்குள் மூன்று பொருள் இருக்கிறது. உன் சாவி. கிழிக்கச் சொல்லி நீ எழுதிய கடிதம், அதை நீயே கிழித்துக்கொள். அப்புறம் அந்த டிக்கெட்.

முதல் நடையில் இன்று ஒரு டிக்கெட் அதிகம் போயிருக்கும். கணக்கில் சேர்த்துக்கொள்.

இப்படிக்கு,
61-இல் வரும் ஒருத்தி